முதல் மெற்றல் ஆல்பம் எது? யாழ்ப்பாணக் காதுக்கு ஒரு தெரிவு

ஹெவி மெற்றலும் புரோகிரசிவ் றொக்கும் (சுருக்கமாக புரோக்) புதிதாகக் கேட்கப் போகிறவர் கையில் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் கொடுக்கிறார்கள். பிளாக் சபாத்தின் ‘பரனோயிட்’, மெற்றாலிக்காவின் ‘மாஸ்டர் ஒஃப் பப்பெற்ஸ்’, கொஞ்சம் மென்மையாக வேண்டுமென்றால் பிங்க் புளோய்டின் ‘டார்க் சைட் ஒஃப் த மூன்’. மூன்றும் பெரிய ஆல்பங்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் நாலு நாலாக எண்ணியே பழகிய காதுக்காகப் போடப்பட்டது. எளிய தாளத்தில் தொடங்கி ஐந்து, ஏழு என்று மெல்ல ஏறவேண்டும் என்பது அதன் கணக்கு.

இங்கே நிலைமை வேறு. நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் தவில் கேட்கும். இணுவில், அளவெட்டிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தனித்தவில் என்பது வீட்டுச் சொத்து மாதிரி. தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பழைய பதிவுகளை இன்றைக்கும் போனில் வைத்துக் கேட்கிற ஊர் இது. ஐந்தெண்ணும் கண்டமும் ஏழெண்ணும் மிஸ்ரமும் பெயர் தெரியாதவருக்குக்கூட உடம்பில் ஏறியிருக்கும். அந்தக் காதுக்குக் கஷ்டம் தாளத்தில் வருவதில்லை. கிற்றாரின் கரகரப்பிலும் பாடுகிறவரின் குரலிலும்தான் வருகிறது. அதனால் வரிசையைத் திருப்பிப் போடவேண்டும்: தாளத்தில் செறிவு, ஓசையில் தெளிவு உள்ள ஆல்பம் முதலில். அப்படிப் பார்த்தால் முதல் இடம் ரஷ் குழுவின் ‘மூவிங் பிக்சர்ஸ்’ ஆல்பத்துக்கு (1981). மற்றவை ஏன் அதற்குப் பின்னால் வருகின்றன, யாருக்கு முன்னால் வரலாம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கரகரப்பைப் பற்றி முதலில்

மெற்றல் கிற்றாரின் அந்த ஓசைக்கு டிஸ்டோர்ஷன் என்று பெயர். அம்பிளிஃபயர் தாங்குகிற அளவுக்கு மேல் ஒலியை ஏற்றினால் அலையின் மேல் நுனியும் கீழ் நுனியும் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் மேற்றொனிகள் (அடிச் சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர்ந்த ஓசைகள்) பெருகும். ஓசை தடிக்கும், நீளும், உறுமும். நாதஸ்வரமும் மேற்றொனி நிறைந்த வாத்தியம்தான். அதை மூடிய அறைக்குள் கிட்ட இருந்து முதன்முதல் கேட்கிற வெளியூர்க்காரர் காதைப் பொத்துவார். எங்களுக்கு அது மங்கலம். பழக்கம் செய்கிற வேலை அது, கிற்றாருக்கும் அதே கதைதான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. மெற்றலில் அதிகம் அடிக்கப்படுவது பவர் கோர்ட். அதில் இரண்டே சுரங்கள்: சட்ஜம், பஞ்சமம். சுருதிப்பெட்டி கொடுப்பதும் அதேதான். ஏன் காந்தாரத்தைச் சேர்ப்பதில்லை? டிஸ்டோர்ஷனுக்குள் இரண்டு சுரம் சேர்ந்து போனால் அவற்றின் அதிர்வெண் வித்தியாசம் மூன்றாவது ஓசையாகப் பிறக்கும். ஸவும் பவும் 2க்கு 3 என்ற விகிதம். வித்தியாசம் 1, அதாவது ஒரு ஸ்தாயி கீழே அதே ஸ. அதனால் ஓசை ஒன்றுக்கொன்று ஒத்து கனக்கிறது. காந்தாரத்தைச் சேர்த்தால் கிற்றாரின் சுர இடைவெளியில் அது சுத்தமாக நிற்காது, பிறக்கும் ஓசைகள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால், சத்தமென்று பட்டதற்குள் சுருதி நிற்பது வடிவாகக் கேட்கும்.

பரனோயிட் (1970)

செப்ரெம்பர் 1970இல் வெளிவந்தது. 8 உருப்படிகள், சுமார் 42 நிமிடம். மெற்றல் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்புகிறவர் இதைத் தாண்டிப் போகமுடியாது. பேர்மிங்காம் தகரத் தொழிற்சாலையில் 17 வயதில் பிளாக் சபாத்தின் கிற்றார்காரர் ரொனி அயோமிக்கு வலது கையில் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவர் இடதுகைக்காரர், தந்தியை அழுத்துவது வலது கை. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்தி போட்டு வாசித்தார். அடுத்த ஆண்டு ‘மாஸ்டர் ஒஃப் றியாலிற்றி’ ஆல்பத்தில் சுருதியையே மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு நோவு குறையும், ஓசையும் கனக்கும். மெற்றலின் பாரமான ஓசைக்கு ஒரு காயம்பட்ட கையும் காரணம்.

பரனோயிட்டில் தாளம் எளிது. பில் வார்டின் ட்ரம்ஸில் ஜாஸின் ஊஞ்சல் அசைவு இருக்கும், கல்லில் வெட்டியதுபோல் இறுகியிராது. ‘அயர்ன் மான்’ றிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிற்றார்த் துண்டு) ஒருதரம் கேட்டால் வாயில் வந்துவிடும். இந்த எளிமைதான் பட்டியல் போடுகிறவர்கள் இதை முதலில் வைக்கக் காரணம். தவில் கேட்டுப் பழகிய காதுக்கு அதுவே குறையாகப் படலாம். இவ்வளவுதானா என்று இரண்டாம் நாள் மூடிவைத்தவர்கள் பலர். 50 ஆண்டுக்கு மேற்பட்ட பதிவு என்பதால் அடி ஓசையும் மெலிவு.

ஒன்றைக் கவனமாகச் சொல்லவேண்டும். முதல் உருப்படி ‘வோர் பிக்ஸ்’ சனங்களைச் சாவுக்கு அனுப்புகிற தளபதிகளைக் குற்றம்சாட்டும் பாட்டு. கனத்த மெதுநடை அறிமுகத்தின் மேல் விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதும். பொம்பர் சுற்றிய காலத்தைப் பங்கருக்குள் இருந்து கடந்தவர்கள் உள்ள வீட்டில் அதை ஸ்பீக்கரில் திடீரென்று போடக்கூடாது. பாட்டு அவர்கள் பக்கம் நிற்கிற பாட்டுத்தான். ஆனால் சங்குக்கு உடம்பு பதில் சொல்வது சொல் விளங்குவதற்கு முந்தி. ஹெட்போனில் கேளுங்கள், அல்லது முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போடுங்கள். ‘டார்க் சைட்’ ஆல்பத்தின் மூன்றாவது பகுதிக்கும் இதே எச்சரிக்கை, அது விமானம் விழுந்து வெடிக்கிற ஓசையோடு முடியும். மெற்றாலிக்காவின் ‘வன்’ பாட்டும் போர்க்கள ஓசையில்தான் தொடங்குகிறது.

மாஸ்டர் ஒஃப் பப்பெற்ஸ் (1986)

மார்ச் 1986. 8 உருப்படிகள், ஏறத்தாழ 55 நிமிடம். கோபன்ஹேகனில் பதிவானது. மெற்றலில் ஒரே ஆல்பம்தான் வைத்திருக்கலாம் என்றால் இதைத்தான் வைத்திருக்கவேண்டும். ஆனால் வாழ்நாளுக்கு ஒன்று என்பதும் முதலில் ஒன்று என்பதும் வேறு வேறு கேள்விகள்.

இதன் பலம் வலது கை. தலைப்புப் பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 212 துடிப்பு. குழுவின் பாடகரும் கிற்றார்காரருமான ஹெற்ஃபீல்ட் தந்தியை மேலிருந்து கீழாக மட்டுமே அடிக்கிறார். மேல்கீழாக மாறிமாறி அடித்தால் பாதி உழைப்புப் போதும், ஆனால் ஒவ்வொரு அடியும் சம கனத்தில் விழாது. சொற்கட்டு எல்லாவற்றையும் தவிலின் வலந்தலையிலேயே வாசிப்பது போன்ற பிடிவாதம் அது. பாடல் வரிக்கு அடியில் ஓடும் றிஃபில் ஒரு வெட்டும் இருக்கிறது: மூன்று ஆவர்த்தனம் எட்டு எட்டாக முழுதாக வரும், நாலாவது ஐந்தில் அறுந்துவிடும். 8, 8, 8, 5. எழுதிவைத்துக் கணக்குப் போட்ட வெட்டுப் போலத் தெரியவில்லை, ஓடுகிற கையின் வேகத்தில் பிறந்தது போல் இருக்கிறது. அதனால் ஐந்தென்று எண்ணினாலும் நூலிழை பிசகும். தாளம் தெரிந்தவருக்கு அந்த இடத்தில் கால் படியிறங்கியது போல் இருக்கும், இரண்டாம் முறை அதற்காகவே காத்திருப்பார்.

முதலில் வைக்க முடியாததற்குக் காரணம் அலுப்பு. புதுக் காது 55 நிமிடம் இந்த வேகத்தையும் கிற்றார் அடர்த்தியையும் ஒரே இருப்பில் தாங்காது. மூன்றாவது பாட்டோடு எல்லாம் ஒன்றுபோலக் கேட்கத் தொடங்கும். ‘பற்றறி’ மென்மையான அக்கூஸ்ரிக் கிற்றாரில் தொடங்குவதால் சத்தம் போதாதென்று கூட்டிவிடுவார்கள், அரை நிமிடம் கழித்து முழு வாத்தியமும் இடிக்கும்போது ஹெட்போனைக் கழற்றி எறிவார்கள். சத்தத்தை இரண்டாவது நிமிடத்தை வைத்து அளவுபண்ணிவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்புங்கள்.

மெற்றாலிக்கா என்று தேடும்போது வேறு இரண்டு ஆல்பங்களில் போய் விழவேண்டாம். 1988இன் ‘அண்ட் ஜஸ்ரிஸ் ஃபோர் ஓல்’ பாட்டுகள் அருமை, ஆனால் கலவையில் பேஸ் கிற்றார் கிட்டத்தட்ட இல்லை. உங்கள் இயர்போன் பழுதென்று நினைக்கவேண்டாம், ஆல்பமே அப்படி. 2008இன் ‘டெத் மக்னெற்றிக்’ அளவுக்கு மேல் ஒலியேற்றி வெட்டுப்பட்ட பதிவு, எந்தக் கருவியில் கேட்டாலும் கரிக்கும்.

மூவிங் பிக்சர்ஸ் (1981)

பெப்ரவரி 1981. 7 உருப்படிகள், 40 நிமிடம். கனடாவின் கியூபெக்கில், ஏரிக்கரையில் இருந்த கலையகம் ஒன்றில் பதிவானது. மூன்றே பேர்: பேஸ், சிந்தசைசர், குரல் மூன்றையும் கவனிக்கும் கெடி லீ, கிற்றார் அலெக்ஸ் லைஃப்சன், ட்ரம்ஸும் பாட்டு வரிகளும் நீல் பேர்ட். மூன்று பேர்தான் என்பது புதுக் காதுக்குப் பெரிய உதவி. எது எந்த வாத்தியம் என்று பிரித்துக் கேட்க இடமிருக்கிறது. பேஸ் கிற்றார் பின்னால் ஒளிந்து நிற்காமல் தனியாகக் கதை சொல்லும். மெற்றலின் கனமும் புரோகின் கணக்கும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ட்ரீம் தியேட்டர் முதல் இன்றுவரை புரோக் மெற்றல் வாசிக்கிற குழுக்கள் இந்த வாசலால் வந்தவைதான்.

தொடக்கத்தை ஆல்பத்தின் தலையில் வைக்காமல் மூன்றாவது உருப்படியில் வையுங்கள். பெயர் ‘ஒய் ஒய் ஸெட்’. நாலரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, பாட்டு வரி இல்லை. இந்த மூன்று எழுத்தை யாழ்ப்பாணத்தில் பார்க்காத வீடு குறைவு: கனடாவிலிருந்து வந்திறங்கும் சூட்கேசின் கைபிடியில் சுற்றியிருக்கும் ரொறன்ரோ விமானநிலையத்தின் குறியீடு. மாமா திரும்பிப் போன பிறகும் அலுமாரிக்கு மேலே இருக்கிற பெட்டியில் அந்தத் துண்டு ஒட்டியபடி கிடக்கும். ரொறன்ரோவுக்கு வரும் விமானங்களுக்கு வழிகாட்ட இந்த மூன்று எழுத்தும் மோர்ஸ் சங்கேதமாக வானொலியில் ஒலித்துவந்தன. அந்தச் சங்கேதத்தைத்தான் குழு தாளமாக்கியது.

மோர்ஸில் ஒய் என்பது கோடு, புள்ளி, கோடு, கோடு. ஸெட் என்பது கோடு, கோடு, புள்ளி, புள்ளி. இசையில் கோட்டுக்கு இரண்டு மாத்திரை, புள்ளிக்கு ஒரு மாத்திரை. பள்ளிக்கூடத்தில் படித்த யாப்பை நினைத்துப் பாருங்கள்: நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று. அப்படியே சொல்லலாம்:

தா த தா தா
தா த தா தா
தா தா த த

முதல் வரி 7 மாத்திரை, இரண்டாவது 7, மூன்றாவது 6. கூட்டினால் 20. அதை நாலு நாலாகப் பிரித்தால் ஐந்து எண்ணிக்கை. கண்ட ஜாதி ஏக தாளம் போட்டால் சரியாக அமரும்: ஒரு தட்டு, பிறகு சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல். ஒவ்வொரு எண்ணிக்கைக்குள்ளும் நாலு மாத்திரை. கை ஐந்தில் நடக்கும், வாய் ஏழு, ஏழு, ஆறு என்று சொல்லும், இரண்டும் சமத்தில் (சுற்றின் முதல் தட்டில்) வந்து சேரும். கோர்வை வைக்கிறவர்களுக்கு இது காலைச் சாப்பாடு.

செய்யும் முறை: முதலில் பாட்டைப் போடாமல் மேலுள்ள மூன்று வரியையும் கைத்தாளத்தோடு பத்துத் தரம் சொல்லுங்கள். பிறகு போடுங்கள். சிறு வெண்கலத் தகடுகளில் மணியோசை போலச் சங்கேதம் தனியாகத் தட்டப்படும். அதன் பிறகு கிற்றாரும் பேஸும் அதே கணக்கில் சேரும். பிசகும் இடம் பெரும்பாலும் மூன்றாவது வரிதான். அதையும் ஏழாக நினைத்து ஒரு மாத்திரை நீட்டிவிடுவார்கள், அடுத்த சமம் வாய்க்கு முந்தி விழுந்துவிடும். அப்படி நடந்தால் வாயைத் துரத்தவேண்டாம். வாயை நிறுத்தி, கையை மட்டும் விடாமல் ஐந்தில் நடத்துங்கள், இரண்டு சுற்றில் பிடிபடும். அறிமுகம் முடிந்ததும் தாளம் நாலுக்கு மாறும், அங்கே ஐந்தைத் தொடர்ந்து எண்ணினால் குழம்பும்.

சுரமும் கவனிக்கத்தக்கது. அந்த அறிமுகம் ஸவுக்கும் பிரதி மத்தியமத்துக்கும் இடையில் ஆடுகிறது. கல்யாணியில் அந்த மத்தியமம் இனிக்கும், ஏனென்றால் காந்தாரமும் பஞ்சமமும் இரண்டு பக்கமும் தாங்கி நிற்கும். அந்தத் துணைகளை எடுத்துவிட்டு ஸவையும் அதையும் மட்டும் மோதவிட்டால் அச்சம் பிறக்கிறது. பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு இதே இடைவெளியில்தான் கட்டப்பட்டது. மெற்றல் முழுக்க இதை அடையாளமாக வைத்துக்கொண்டது.

இது பிடிபட்டதும் முதல் உருப்படி ‘ரொம் சோயர்’. பெரும்பகுதி நாலில் நடக்கும், நடுவில் சிந்தசைசர் தனியாக வரும் இடத்தில் ஏழுக்குப் போகும். எங்கே மாறுகிறது என்று சொல்லாமல் விடுகிறோம், அதை உங்கள் கையே கண்டுபிடிக்கும். அதன் பிறகு ‘லைம்லைற்’, ‘றெட் பார்க்கெற்றா’. பத்து நிமிடத்துக்கு மேல் போகும் ‘த கமரா ஐ’ கடைசியாக இருக்கட்டும்.

குறை? கெடி லீயின் குரல். மிக உச்சத்தில், கூர்மையாக இருக்கும். சீர்காழியின் கணீரையும் சௌந்தரராஜனின் கனத்தையும் ஆண்குரலுக்கு அளவாக வைத்திருப்பவருக்கு முதல் வாரம் உறுத்தும். இந்த ஆல்பத்தில் முன்னைய ரஷ் ஆல்பங்களைவிடக் குரல் இறங்கித்தான் இருக்கிறது. 1976இன் ‘2112’ ஆல்பத்தில் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள். பாட்டில்லாத உருப்படியில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

கெடி லீயின் பெற்றோர் இருவரும் நாசி வதைமுகாம்களில் இருந்து உயிர் தப்பிக் கனடாவுக்குப் போனவர்கள். லைஃப்சனின் பெற்றோர் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள். அகதியாகவும் குடியேறியாகவும் வந்தவர்களின் பிள்ளைகள், ரொறன்ரோவின் புறநகர் ஒன்றில் பள்ளித் தோழர்களாகச் சேர்ந்து தொடங்கிய இசை இது. ஊர் திரும்பும்போது அந்த விமானநிலைய எழுத்துகளைப் பார்ப்பதில் வந்த மகிழ்ச்சியில் பிறந்த உருப்படியை, அதே எழுத்துள்ள பெட்டியைப் பார்த்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் கேட்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால்

மிருதங்கமோ தவிலோ முறையாகப் படிக்கிறவர், மருதனார்மடத்தில் நுண்கலை படிக்கிற மாணவர் போன்றவர், நேராக ரூல் குழுவின் ‘லற்றராலஸ்’ ஆல்பத்துக்கே (2001) போகலாம். ‘ஸ்கிஸம்’ பாட்டின் றிஃப் ஐந்தும் ஏழும் மாறிமாறி வரும்: கண்டம், மிஸ்ரம், கூட்டினால் 12. தலைப்புப் பாட்டின் பல்லவியில் 9, 8, 7 என்று ஒவ்வொன்றாகக் குறைகிறது. கோபுச்ச யதி என்று நாங்கள் சொல்வது அப்படியே. பாடகர் சொல்லும் அசைகளோ 1, 1, 2, 3, 5, 8 என்று பிபொனாச்சி வரிசையில் (முன் இரண்டையும் கூட்டினால் அடுத்தது) விரிந்து 5, 3 என்று சுருங்கும், அது மிருதங்க யதியின் வடிவம். ட்ரம்ஸ்காரர் டானி கேரி தப்லா பயின்றவர், அதன் சாயல் கையில் தெரியும். சிக்கல் நீளம். 79 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, ஓர் இறுவட்டின் கொள்ளளவை விளிம்புவரை நிரப்பிய ஆல்பம். முதல் முறை முழுதாகக் கேட்காமல் இந்த இரண்டு பாட்டோடு நிறுத்துங்கள்.

ட்ரீம் தியேட்டரின் ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ (1992) விரலோட்டத்தில் வியப்பவர்களுக்கு. 57 நிமிடம். ஸ்நேர் ட்ரம்முக்குப் பதிலாக மின்னணு ஓசையைத் தூண்டிச் சேர்த்திருப்பதால் ஒவ்வொரு அடியும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் கேட்கும். தவிலின் உயிருள்ள தோலோசைக்குப் பழகியவருக்கு அது உறுத்தும். முதல் பாட்டு ‘புல் மீ அண்டர்’ நடு வரியில் வெட்டியதுபோல் நின்றுவிடும். கோப்பு பழுதில்லை, திரும்பத் தரவிறக்கவேண்டாம், அப்படித்தான் முடித்திருக்கிறார்கள்.

ஓப்பெத்தின் ‘பிளாக்வோட்டர் பார்க்’ (2001) எங்களுக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று. 67 நிமிடம், தொண்டையிலிருந்து உறுமும் குரலும் தேன் போன்ற இயல்புக் குரலும் ஒருவரே பாடுகிறார். ஆனால் உறுமலைக் கேட்டதும் வீட்டில் அம்மா வந்து எட்டிப்பார்ப்பார் என்பது நிச்சயம். முதலில் அதில் உள்ள ‘ஹார்வெஸ்ற்’ பாட்டைக் கேளுங்கள், உறுமலே இல்லை. அது பிடித்தால் 2003இன் ‘டாம்னேஷன்’ ஆல்பத்துக்குப் போங்கள், 43 நிமிடமும் இயல்புக் குரல்தான். பிறகு ‘பிளாக்வோட்டர்’ தானாகத் திறக்கும்.

பழைய புரோக் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘டார்க் சைட் ஒஃப் த மூன்’ (1973) எல்லாரும் கேட்கலாம், ‘மணி’ ஏழில் நடந்து கிற்றார் தனியில் நாலுக்கு மாறும் இடம் இனிது. ஆனால் அதிலிருந்து மெற்றலுக்குப் பாதை இல்லை. கிங் கிரிம்சனின் ‘இன் த கோர்ட் ஒஃப் த கிரிம்சன் கிங்’ (1969) வரலாற்றுக்கு அவசியம், நாலாவது உருப்படியில் பத்து நிமிடமளவுக்குத் தாளமற்ற மெல்லிய தேடல் வரும், அங்கே பொறுமை வேண்டும். யெஸ் குழுவின் ‘குளோஸ் ரு த எட்ஜ்’ (1972) மூன்றே உருப்படிகள், தலைப்புப் பகுதி மட்டும் 18 நிமிடத்துக்கு மேல். ராகமாலிகையும் பல்லவியும் உட்கார்ந்து கேட்கிறவருக்கு அந்த நீளம் பாரமில்லை. தொடக்கத்தில் குருவியோசைக்குப் பின் வரும் இரண்டு நிமிட நெரிசலைத் தாண்டினால் போதும்.

வயலின் வழியாக வர விரும்புகிறவருக்கு இன்னொரு வாசல் இங்கேயே இருக்கிறது. எல். சங்கரின் இளமைக்காலம் யாழ்ப்பாணத்தில். தந்தை வி. லக்ஷ்மிநாராயணா இங்கே இசை கற்பித்தவர், 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் இந்தியாவுக்குப் போனது. அந்தச் சங்கர்தான் கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லாக்லினோடு சக்தி குழுவில் வாசித்தார். அவருடைய ‘ரச் மீ தெயர்’ (1979) ஆல்பத்தைத் தயாரித்தவர் றொக் கலைஞர் ஃபிராங் ஸப்பா. ஜெனிசிஸ் குழுவில் இருந்த பீற்றர் கேப்ரியலின் ‘பாஷன்’ (1989) ஆல்பத்திலும் அவருடைய இரட்டை வயலின் கேட்கும். அது மெற்றல் இல்லை, புரோக்கின் அயல்வீடு. ஆனால் கமகம் றொக்கோடு எப்படிப் பேசும் என்பதற்கு அதைவிட நெருங்கிய சாட்சி எங்களுக்கு இல்லை.

எதில் கேட்பது

ஆல்பத் தெரிவைக் கெடுப்பது அநேகமாகக் கருவிதான். போனின் ஸ்பீக்கரில் மெற்றல் கேட்டு அதைப் பற்றி முடிவெடுக்கவேண்டாம். கிற்றாரின் கீழ்த்தந்தி 82 ஹேர்ட்ஸ், பேஸ் கிற்றாரின் கீழ்த்தந்தி 41 ஹேர்ட்ஸ். போன் ஸ்பீக்கரால் அந்தக் கீழ் ஓசைகளைத் தரமுடியாது. மிஞ்சுவது கரகரப்பு மட்டும், பலர் மெற்றல் என்று வெறுப்பது அதைத்தான். ஒற்றை புளூரூத் ஸ்பீக்கரும் போதாது. றிதம் கிற்றாரை இரண்டுதரம் வாசித்து ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் வைப்பது மெற்றல் பதிவின் வழக்கம், ஒற்றை ஸ்பீக்கரில் அந்த அகலம் ஒடுங்கிவிடும். சப்வூபர் உள்ள செற் இருந்தால் பேஸ் திருகியைப் பாதிக்குக் கீழே வையுங்கள். தைல்ஸ் நிலமும் வெறும் சீமெந்துச் சுவரும் உள்ள விறாந்தையில் அடி ஓசை தேங்கி, ட்ரம்ஸின் விரைவான கால் அடிகள் ஒன்றோடொன்று குழம்பும். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறை மேல்.

வயருள்ள சாதாரண இயர்போனே போதும், ஆனால் றப்பர் நுனி காதை முழுதாக அடைக்கவேண்டும். பெட்டியில் வரும் மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள், காற்று கசிந்தால் பேஸ் முதலில் போகும். பருத்தித்துறை பஸ்சில் இருந்து கேட்பதென்றால் மென்மையான பகுதிகள் ஹோர்னிலும் பஸ்சின் பாட்டிலும் அமிழ்ந்துபோகும், சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம்தான் காதுக்குப் பாதுகாப்பு, அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் நேரம் வேகமாகச் சுருங்கும். பஸ்சுக்குப் ‘பரனோயிட்’ சரி. ‘லற்றராலஸ்’ வீட்டுக்கு.

வாட்சப்பில் சுற்றி வரும் சிறிய கோப்புகளைத் தவிருங்கள். அதிகம் அமுக்கிய கோப்பில் சிம்பல் ஓசை தண்ணீர் தெளிப்பது போல் சளசளக்கும். 320 கிலோபிற் தரத்தில் நிமிடத்துக்கு 2.4 மெகாபைற். ‘மூவிங் பிக்சர்ஸ்’ முழுதும் நூறு மெகாபைற்றுக்குள் அடங்கும், ‘லற்றராலஸ்’ 190 அளவில் வரும். வைஃபை கிடைக்கும்போது இறக்கி வையுங்கள். பிளேயரில் ஒரு பாட்டு முடிய அடுத்ததை மேலே கலக்கும் குறொஸ்ஃபேட் வசதியை நிறுத்தி, இடைவெளியின்றி ஓடும் வசதியைப் போடுங்கள். இல்லாவிட்டால் ‘டார்க் சைட்’ முழுவதும் துண்டுபடும், ‘லற்றராலஸ்’ ஆல்பத்தில் ‘பரபோல்’ ‘பரபோலா’வுக்குள் வெடிக்கும் அந்த நொடி பாழாகும். பேஸ் பூஸ்ற், ஹோல் எஃபெக்ற் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

‘மூவிங் பிக்சர்ஸ்’ ஆல்பத்தோடு இரண்டு வாரம் இருங்கள், ஒரு நாளைக்கு இசைத்தட்டின் ஒரு பக்கம் (முதல் நாலு உருப்படி, அல்லது கடைசி மூன்று) போதும். அதன் பிறகு ‘மாஸ்டர் ஒஃப் பப்பெற்ஸ்’ ஆல்பத்துக்குப் போகும்போதும் பாட்டில்லாத உருப்படியாலேயே நுழையுங்கள்: ஏழாவது, ‘ஒறையன்’, எட்டரை நிமிடம். நாலாவது நிமிடத்தை அண்டி எல்லாம் அடங்கி, கிளிஃப் பேர்ட்டனின் பேஸ் தனியாக மெதுவான ஆறில் நடக்கத் தொடங்கும். அந்த ஆண்டு செப்ரெம்பர் 27ஆம் திகதி சுவீடனில் குழுவின் பஸ் புரண்டு அவர் இறந்தார், 24 வயது. அவருடைய இறுதிச் சடங்கில் இந்த உருப்படியைத்தான் ஒலிக்கவிட்டார்கள்.